யாருடைய பொறுமை?

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறை தென் மாவட்டத்தில் இருக்கிறது சிம்பாங் அம்பாட். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் பக்கத்துப் பத்து காவானில் வந்து இறங்கிய பிறகு வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. கரும்பும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று தாமான் வீடுகள், தொழிற்சாலைகள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்துகள். தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த தமிழர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. இத்தகைய குடும்பங்கள் கூடும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேலை போனவர், புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர், குடிகாரக் கணவனோடு அல்லாடுபவர், போதைக்குப் போன மகனை நினைத்து அழும் தாய் என்று ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே ஆறுதல்தான் கிடைக்கும்: “பொறுமையா இருங்க, கர்த்தர் இரக்கமுள்ளவர்.”

கிறிஸ்தவத்தின் இரண்டு பெரிய நம்பிக்கைகள் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. கடவுள் இரங்குகிறார், மனிதன் பொறுத்திருக்கிறான். இரண்டையும் இணைக்கப் போகும்போதுதான் சிக்கல் வருகிறது. இரங்குகிறவர் ஏன் காக்கவைக்கிறார்? பொறுத்துப்போ என்று யார், யாரைப் பார்த்துச் சொல்லலாம்? இருபது நூற்றாண்டுகளில் திருச்சபை இதற்குத் தந்த பதில்கள் ஒரே மாதிரி இருந்ததில்லை. சில பதில்கள் நொந்தவர்களைத் தூக்கி நிறுத்தின. சில பதில்கள் அவர்களுடைய வாயை அடைத்தன.

வேதாகமத்தில் பொறுமை மனிதனுக்கு விதித்த கடமையாக வருமுன்னே கடவுளுடைய குணமாக வந்துவிடுகிறது. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய கோபம் இன்னும் ஆறாத நேரத்தில்தான் சீனாய் மலையில் அவர் மோசேக்குத் தம்மை இரக்கமும் நீடிய பொறுமையும் உள்ளவராக அறிவிக்கிறார். நினிவே நகரத்தை அழிக்காமல் விட்டாரே என்று யோனா தீர்க்கதரிசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கடவுள் அளவுக்கு மீறிப் பொறுக்கிறார் என்பதே அவருடைய புகார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில் மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் நிலத்துக்காரர். தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். கேட்டதோடு நிற்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த வரியின் எடை தெரியும். கடவுளின் பொறுமை என்று வேதம் காட்டுவது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதை அல்ல, மண்வெட்டி பிடித்த உழைப்பை.

மத்தேயு 18இல் வரும் கடன்காரன் கதையை எண்களோடு படித்தால்தான் அதன் அதிர்ச்சி புரியும். அரசனுக்கு அவன் தரவேண்டியது பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தினாரியம். ஒரு தினாரியம் ஒரு கூலிக்காரனின் நாள் சம்பளம். ஆக, ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் அடைத்து முடிக்க 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் கேட்டது தவணை மட்டும்தான். அரசனோ கடன் முழுவதையும் தள்ளிவிட்டான். வெளியே வந்தவன் தனக்கு நூறு தினாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கேட்டவர்களுக்கு ஆத்திரம் வரவேண்டும் என்றே சொல்லப்பட்ட கதை இது. இரக்கம் பெற்றவன், தனக்குக் கீழே இருப்பவனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையே கதை கேட்கிறது.

பொறுமைக்கு உதாரணம் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் யோபு. ஆனால் யோபு புத்தகத்தின் 42 அதிகாரங்களில் அவர் வாய்மூடிப் பொறுப்பது முதல் இரண்டில்தான். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன் பிறகு கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அடங்கிப் போ’ என்று உபதேசம் செய்ய மூன்று நண்பர்கள் வந்து உட்காருகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம்தான். யோபு பேசியதே சரி என்று அவர் தீர்ப்பளிக்கிறார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ‘யோபுவைப் போலப் பொறுத்துக்கொள்’ என்று சொல்கிறவர்கள் பலர் இந்த இடம்வரை படித்திருக்க மாட்டார்கள்.

இந்த யோபுவின் கதைதான் தென்தமிழகத்தில் ஒரு மனிதரின் வாழ்வைத் திருப்பிப் போட்டது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரி. மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, குடும்பம் நொடித்தது. மனம் உடைந்திருந்தவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படையோடு வந்து தோற்றுக் கைதாகி, பிறகு அதே மன்னரின் படைத்தளபதியாகிவிட்டவர் அவர். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். ஞானப்பூ என்பது தெரேசாவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த பெயர்.

1749இல் கைது. மூன்றாண்டுச் சித்திரவதை. எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்றும், புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்றும் குமரி மாவட்டத்து மரபு சொல்கிறது. அவமானப்படுத்துவதற்கென்று நடத்திய ஊர்வலமே அவரை ஊரறியச் செய்தது. கட்டிவைத்த இடங்களுக்கு மக்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார் அவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத ஒரு குடும்பஸ்தர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல் முறை. விசுவாசத்தை விட்டுவிடு, விடுவிக்கிறோம் என்ற வாய்ப்பு இருந்தும் மறுத்தவர் தேவசகாயம். அவருடைய பொறுமை அவரே தேர்ந்துகொண்டது. அதை அடிப்படையாக வைத்துத் தேர்வே இல்லாதவர்களிடம் பொறுமை கேட்பது நியாயம் ஆகாது.

எல்லாரும் தேவசகாயம் போல நின்றுவிட மாட்டார்கள் என்பதைத் திருச்சபை ஆரம்பத்திலேயே நேருக்கு நேர் பார்த்துவிட்டது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டெசியஸ், குடிகள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டான். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தின் மணலிலிருந்து நாற்பதுக்கு மேல் இன்று கிடைத்திருக்கின்றன. பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தார்கள். ஆனால் திரளான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள், அல்லது பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். புயல் ஓய்ந்ததும் அவர்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடலாமா?

கூடாது என்றார் ரோமில் நொவேஷியன். உடனே விட்டுவிடலாம் என்றது இன்னொரு கூட்டம். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் 251இல் ஆயர்களைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை அவரவர் நிலைமையை விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலியிட்டவர்கள் நெடுநாள் தவம் இருக்கவேண்டும், சாகும் தறுவாயில் அவர்களுக்கும் மன்னிப்பு உண்டு என்று முடிவானது. மறுபடி ஒரு துன்புறுத்தல் நெருங்குகிறது என்று தெரிந்தபோது, தவத்திலிருந்தவர்களை முன்னதாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதம் இல்லாமல் போர்க்களத்துக்கு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சிப்ரியான் 256இல் பொறுமையின் நன்மை பற்றி ஒரு நூலே எழுதினார். 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன் அதே ஊரில் பொறுமையைப் பற்றி எழுதிய தெர்த்துல்லியன், அந்தக் குணம் தன்னிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறார். விழுந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்ததே ஆதித் திருச்சபை செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று. நிலைத்து நின்றவர்களின் பொறுமை விழுந்தவர்கள்மேல் இரக்கமாகப் போய்ச் சேரவேண்டும் என்று அது முடிவெடுத்தது.

பினாங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1808இல் இந்தத் தீவுக்கு வந்த ‘காலேஜ் ஜெனரல்’ குருமடத்தில் கற்பித்த பிரெஞ்சுக் குருக்கள் இருவர், லோரன் இம்பேர், ஜாக் சாஸ்தான். இருவரும் பின்னாளில் கொரியாவுக்குப் போனார்கள். 1839இல் வேட்டை தொடங்கியது. வெளிநாட்டுக் குருக்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி ஏழைக் கிறிஸ்தவர்களை வதைத்தார்கள். ஆயர் இம்பேர் தாமே பிடிபட்டு, சாஸ்தானையும் கொரியாவில் இருந்த இன்னொரு குருவையும் சரணடையச் சொல்லி எழுதினார். செப்டம்பர் 21இல் மூவரும் கொல்லப்பட்டார்கள். மந்தைக்குப் பொறுமையைப் போதிக்காமல் மேய்ப்பர்களே அடியைத் தாங்கிக்கொண்ட கதை அது. 1984இல் அவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

அதே நூற்றாண்டில் எதிர்க்கரையில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும். அப்போது வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர் பெற்றிருந்த செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வந்தார்கள். கடனோடு வந்து கடனோடு செத்தவர்கள் அநேகர். புக்கிட் மெர்தாஜாம் அருகே ஆல்மா தோட்டத்தில் கூலிகள் பட்ட அடியும் வதையும் 1873இல் அரசாங்க மருத்துவரின் அறிக்கையால் அம்பலமாகி, சென்னைவரை பேச்சானது. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல்தான் முடிவு வந்தது. அந்த ஜனங்களிடம் பொறுமைக்குக் குறைவே இல்லை. இரக்கம்தான் குறைவாக இருந்தது, அதுவும் இரங்க வேண்டியவர்களிடம். அறிக்கை எழுதிய மருத்துவரின் பேனா அன்று செய்தது எந்தப் பிரசங்கத்துக்கும் குறையாத இரக்கச் செயல்.

தாமான்களின் நான்கு சுவருக்குள்ளும் இதே கேள்வி இருக்கிறது. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லி, ‘சிலுவையைச் சுமந்துகொள்ளம்மா’ என்று பெண்களை அனுப்பிவைத்த சபைகள் உண்டு. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. ஜார்ஜ்டவுனில் மகளிர் மாற்றத்துக்கான மையம் 1985 முதல் அடிபட்ட பெண்களுக்குத் துணைநிற்கிறது. மருத்துவமனைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் கூடவே போய் உட்காரும் ஒரு போதகரோ சகோதரியோ அந்தப் பெண்ணுக்குக் கடவுளின் இரக்கத்தைக் காட்டுகிறார். பொறுத்துப்போ என்று அனுப்புகிறவர் யோபுவின் நண்பர்களோடு சேர்ந்துவிடுகிறார். விசுவாசம் போதாததால்தான் ஜெபம் பலிக்கவில்லை என்று மேடையில் முழங்குகிறவர்களும் அவர்களோடு சேர்த்தி.

மன்னிப்பு என்பதற்கு மறதி என்று பொருள் கொள்பவர்களுக்குக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸைக் காட்டலாம். 1999 ஜனவரி 22 நள்ளிரவு கடந்து ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளர் பணியில் இருந்த அவருடைய கணவர் கிரகாமும், பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமொத்தியும் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாகக் கிளாடிஸ் சொன்னார். சட்டம் தன் வேலையைச் செய்வதில் அவர் குறுக்கிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்குக் கிடைத்த மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. கிளாடிஸோ மகள் எஸ்தரோடு பாரிபதா தொழுநோய் இல்லத்திலேயே ஐந்தாண்டு இருந்தார். 2004இல் அங்கே கணவர் பெயரில் மருத்துவமனை திறந்த பிறகுதான் ஆஸ்திரேலியா திரும்பினார்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று ஆலயங்களிலும் மூன்று ஓட்டல்களிலும் குண்டுவெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பலியானவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகள். மறு ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகப் பிரசங்கித்தார். அதே பேராயர்தான் உண்மையை மூடி மறைக்காதீர்கள் என்று ஆட்சியாளர்களை ஆண்டுக்கணக்காக விடாமல் துரத்தினார். உளவுத் தகவல் முன்கூட்டியே வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மன்னித்த வாயே கணக்கும் கேட்கலாம். மலேசியாவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். 2017 பிப்ரவரி 13இல் பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் கடத்தப்பட்ட போதகர் ரேமண்ட் கோவின் மனைவி சூசன்னா லியூ. மனித உரிமை ஆணையம் சுஹாகாம் 2019இல், இது காவல்துறையின் சிறப்புப் பிரிவு செய்த வேலை என்று முடிவுக்கு வந்தது. சூசன்னா வழக்குப் போட்டுப் போராடியதை விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்லத் துணியக்கூடாது.

போர்க்காலச் சிங்கப்பூரில் ஆங்கிலிக்கன் ஆயர் லெனர்டு வில்சன் 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவக் காவலரிடம் சிக்கி வதைபட்டார். மலாயாவும் அவருடைய மறைமாவட்டம்தான். அடித்தவர்களை அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்த கோலத்தில் நினைத்துப் பார்த்ததால்தான் வெறுக்காமல் இருக்க முடிந்தது என்று போருக்குப் பின் சொன்னார். வதைத்தவர்களில் ஒருவர் பிற்பாடு கிறிஸ்தவராகி அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். அவர்களுடைய வேதனையைப் பதிந்துவைக்க அங்கே எழுத்தறிந்தவர் மிகச் சிலரே. பொறுமையின் வரலாற்றில் பெயர் தெரிந்தவர்களைவிடத் தெரியாதவர்களே அதிகம்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து காரில் போனால் அரை மணி நேரத்துக்குள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம் வந்துவிடும். 1846இல் சிற்றாலயமாகத் தொடங்கியது. குன்றடியில் இருக்கும் பழைய ஆலயம் 1888இல் கட்டியது. மலாயா அவசரகாலத்தில் அந்தப் பகுதி கம்யூனிஸ்டு நடமாட்டம் உள்ள இடம் என்று ஆகிவிட, பல ஆண்டு ஆளில்லாமல் கிடந்தது. 2019இல் சிறு பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. ஜூலை 26 திருவிழாவுக்கு முந்திய நவநாட்களில் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடக்கும். லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், இந்துக்களும் வருகிறார்கள்.

நெடுங்காலம் பிள்ளையில்லாமல் காத்திருந்து மரியாளைப் பெற்றவர் அன்னாள் என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. அதனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் இங்கே அதிகம். மெழுகுவர்த்தி ஏந்தி நகரும் பவனியில் பக்கத்தில் நடப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை பிறந்து நன்றி சொல்ல வந்தவரும், இன்னும் பிறக்காமல் கேட்க வந்தவரும் ஒரே மெழுகு உருகும் சூட்டை விரலில் தாங்கிக்கொண்டு ஒரே பாட்டைப் பாடிப் போகிறார்கள். கேட்டது கிடைக்காமலே வருடா வருடம் வருகிறவர்களின் விசுவாசத்தைப் பற்றித்தான் மறையுரைகள் இன்னும் அதிகம் பேசவேண்டும்.

2015 டிசம்பரிலிருந்து 2016 நவம்பர் வரை பாப்பரசர் பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் ஆண்டில், பசித்தவருக்கு உணவிடுவதும் அந்நியரை ஏற்பதும் சிறைப்பட்டவரைப் பார்ப்பதும் மறுபடி முன்னால் வைக்கப்பட்டன. அந்தப் பட்டியல் பினாங்கில் இன்று மிகவும் பொருந்துகிறது. பத்து காவான் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை அடைக்கவே மாதக்கணக்கில் உழைக்கிறவர்கள் அவர்களில் பலர். மியான்மாரிலிருந்து தப்பி வந்த அகதிகளும் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடாததால் அவர்கள் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. மறைமாவட்டத்தின் மனித மேம்பாட்டு அலுவலகமும் சில சபைகளும் அவர்களுக்குத் துணைநிற்கின்றன. ஒப்பந்தக் கூலிகளாக இதே மண்ணில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று சொந்த வீட்டில், சொந்த மொழியில் ஆராதிக்கிறார்கள். அவர்கள் தெருக்கோடியில் நிற்கும் விடுதியில் ஒருவன் கடன் அடையும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த விடுதிக் கதவைப் போய்த் தட்டுவதற்குச் சபைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.